தோசைக்கல்லின் எடையைச் சொல்லாமல் விட்டேன்

வாசகர் கேள்வி - பதில்

சமூக வலைத்தளத்தில் ஒரு பொருளைப் பற்றிப் பேசி, கீழே லிங்க் கொடுத்து, அதன் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் பெறுவது (அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்பார்கள்) பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஐந்து வருடமாகச் சமையல் பாத்திரங்களைப் பற்றி மட்டும் வீடியோ போடுகிறவள் நான். என் அப்பா கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் 31 வருடம் விற்பனையாளராக நின்றவர். அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் பாத்திரத்தை வைத்துத்தான் சொல்ல வரும். மற்றப் பொருட்களுக்கும் அது பொருந்தும் என்று நம்புகிறேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். இன்ஸ்டாகிராமில் 1,800 பேர் பின்தொடர்கிறார்கள். லிங்க் போட்டே மாதம் 50 ஆயிரம் சம்பாதிக்கலாம் என்று ஒரு ரீல்ஸில் சொன்னார்கள். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா?
- வாசகி, திருப்பூர்

வேலையை விட்டுவிடாதீர்கள், சகோதரி. முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

அமேசான் போன்ற தளத்தில் இதற்கென்று ஒரு கணக்கு தொடங்கினால், நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு லிங்க்கின் வாலிலும் உங்களுக்கான குறியீடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். யாராவது அதைத் தொட்டு உள்ளே போய் வாங்கினால், அந்த விற்பனை உங்கள் கணக்கில் எழுதப்படும். வாங்குபவருக்கு விலை ஒரு ரூபாய்கூடக் கூடாது. கமிஷனைத் தருவது விற்பனைத் தளம்.

இப்போது உங்கள் 1,800 பேருக்கு வருவோம். ஒரு உதாரணத்துக்கு, நீங்கள் போடும் ஸ்டோரியை 200 பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 பேர் லிங்க்கைத் தொடுகிறார்கள், ஒருவர் வாங்குகிறார். பொருளின் விலை 700 ரூபாய், கமிஷன் 5 சதவீதம் என்றால் உங்களுக்கு வருவது 35 ரூபாய். அதுவும் உடனே கைக்கு வராது. வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டால் கமிஷனும் போய்விடும் என்பதால், பொதுவாக மாதம் முடிந்து இரண்டு மாதம் போலக் கழித்துத்தான் பணம் வங்கிக்கு வரும். தீபாவளி விற்பனையில் சம்பாதித்ததைப் பொங்கல் சமயத்தில்தான் பார்ப்பீர்கள்.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கு மாதத்தில் மொத்தம் 212 ரூபாய். முதல் வருடம் முழுக்க 6,400. இப்போது ஐந்தாவது வருடத்தில், 340 வீடியோக்களுக்குப் பிறகு, மாதம் 11 ஆயிரத்திலிருந்து 14 ஆயிரம் வரை வருகிறது. வீட்டு வாடகைக்கு அது பெரிய ஒத்தாசை. ஆனால் அதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாதே.

அதே சமயம், உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் போன ஒன்று இருக்கிறது. நீங்கள் செக்கிங் மேசையில் நிற்பவர். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான உருப்படிகள் உங்கள் கை வழியாகப் போகின்றன. தோள் தையலில் டேப் வைத்திருக்கிறார்களா, கழுத்து ரிப் நான்கு துவைப்பில் வாய் பிளந்துவிடுமா, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று போட்டிருக்கும் துணி உண்மையிலேயே அந்தக் கனம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். இணையத்தில் குழந்தைகளுக்கு டீ-ஷர்ட் வாங்கும் அம்மாக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது. துணியை உள்புறம் திருப்பிக் காட்டுங்கள். மூன்று முறை துவைத்து, துவைப்பதற்கு முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோ போதும்.

ஒன்றில் மட்டும் கவனம். உங்கள் கம்பெனியின் பெயரையோ, அங்கே எந்த பிராண்டுக்குத் தைக்கிறார்கள் என்பதையோ வெளியே சொல்லாதீர்கள். அங்கே தைத்த பொருளையே பரிந்துரைக்க நேர்ந்தால், அங்கே வேலை பார்க்கிறேன் என்று சொல்லியே ஆக வேண்டும். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. அதற்கு அந்தப் பொருளை விட்டுவிட்டு வேறு துணியைப் பற்றிப் பேசுவது சுலபம்.

டெலிகிராமில் ஆஃபர் சேனல் நடத்துகிறேன். 900 பேர் இருக்கிறார்கள். தினமும் 40 லிங்க் போடுகிறேன், பெரும்பாலும் மொபைல், இயர்போன். மாதம் 300 ரூபாயைக்கூடத் தாண்டவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?
- கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, உழைப்பில் குறையே இல்லை. பொருளைத் தேர்ந்தெடுத்ததில்தான் சிக்கல். மொபைல் போனுக்குக் கமிஷன் விகிதம் மிகவும் குறைவு. சமையலறைப் பொருள், வீட்டுச் சாமான், அழகு சாதனம் போன்றவற்றுக்கு அதைவிடப் பல மடங்கு. 20 ஆயிரம் ரூபாய் போன் விற்றோமே என்று சந்தோஷப்பட்டால், கணக்கில் ஏறியிருப்பது கொஞ்சம்தான். விகிதப் பட்டியல் அந்தந்தத் திட்டத்தின் பக்கத்திலேயே இருக்கும், அடிக்கடி மாறும். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, நேரம். அமேசானில் உங்கள் லிங்க்கைத் தொட்டதிலிருந்து 24 மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் அவர் வேறு ஒருவரின் லிங்க்கைத் தொட்டு உள்ளே போனால், விற்பனை அவருக்குப் போய்விடும். ஆஃபர் தேடுகிறவர்கள் ஒரே நேரத்தில் நாலைந்து சேனலில் இருப்பார்கள். நீங்கள் போட்ட அதே போனை இன்னொருவர் பத்து நிமிடம் கழித்துப் போட்டிருப்பார். இந்த 24 மணி நேரத்தில் ஒரு நல்லதும் உண்டு. உள்ளே போனவர் வேறு எதை வாங்கினாலும் பெரும்பாலும் அதுவும் உங்கள் கணக்குதான். நான் இட்லித் தட்டுக்குக் கொடுத்த லிங்க்கில் போன ஒருவர் பள்ளிக்கூடப் பை இரண்டு வாங்கியிருந்தார். யார் என்று தெரியாது, தளம் அதைச் சொல்லாது. ஆனால் அந்த ஜூன் மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூன்றாவது எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. ஒரு நாளைக்கு 40 லிங்க் என்றால், அதில் ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்களா? பிரஷர் குக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அப்படியிருந்தும் முத்திரை இல்லாத குக்கர்கள் பெரிய தளங்களிலேயே விற்பனைக்கு வந்து, 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்தத் தளங்களுக்கு அபராதம் போட்டது. பெரிய தளத்தில் இருக்கிறது, பாதி விலை என்று நீங்கள் போடும் லிங்க்கில் அப்படி ஒரு குக்கர் போய் யார் வீட்டு அடுப்பில் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாது.

900 பேர் இருக்கிறார்கள். 40 லிங்க்கை இரண்டாகக் குறைத்துப் பாருங்கள். விடுதி அறையில் நீங்களே பயன்படுத்தும் டேபிள் லேம்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கொசு பேட் என்று தொடங்குங்கள். எத்தனை மாதம் உழைத்தது, எங்கே பழுதானது என்று நாலு வரி எழுதுங்கள். விலையை எழுதாதீர்கள், காலையில் இருந்த விலை மாலையில் இருக்காது. யூடியூப் ஷார்ட்ஸிலும் போடுகிறீர்கள் என்றால் ஒன்று: 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமெண்ட்டிலும் போடும் லிங்க் வேலை செய்யாது. நீள வீடியோவின் விளக்கத்தில் போடுங்கள்.

என் நாத்தனார் மாதா மாதம் ஆன்லைனில் வாங்குகிறார். என் லிங்க்கில் வாங்குங்கள் என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார். சொந்தக்காரர்களே உதவாவிட்டால் எப்படி?
- வாசகி, காரைக்குடி

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். லிங்க்கில் வாங்கினால் என்ன வாங்கினோம் என்று அண்ணி பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் நிறையப் பேருக்கு இருக்கிறது. யார் வாங்கினார்கள் என்பது நமக்குத் தெரியவே தெரியாது என்பதை அவரிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம், உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்குவது, சொந்தக்காரர்களுக்காக நீங்கள் ஆர்டர் போட்டுக் கொடுப்பது இரண்டுக்கும் அமேசானில் கமிஷன் கிடையாது. "என் லிங்க்கில் வாங்கினால் 50 ரூபாய் திருப்பித் தருகிறேன்" என்று சொல்வதும் விதிமீறல், கணக்கையே மூடிவிடுவார்கள். புதிய கணக்குக்கு 180 நாளில் மூன்று விற்பனையாவது வேண்டும் என்ற விதி இருப்பதால் பலர் பதறிப்போய் இதைச் செய்கிறார்கள். மூன்று விற்பனை வராவிட்டால் கணக்கு மூடும், அவ்வளவுதான். மறுபடி விண்ணப்பிக்கலாம்.

"இந்த லிங்க்கில் எனக்குக் கமிஷன் வரும்" என்று சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. எத்தனையோ பேர் சொல்வதே இல்லை. கட்டாயம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?
- வாசகி, சேலம்

ஆமாம், சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டத்தை முதலில் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகள் 2022 ஜூனில் வந்தன. சமூக வலைத்தளத்தில் பரிந்துரைப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தனியாக ஒரு கையேடே வெளியிட்டது. பணம், கமிஷன் மட்டும் இல்லை. இலவசமாக வந்த பொருள், தள்ளுபடி, ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பியது, அந்தக் கம்பெனியில் சொந்தக்காரர் இருப்பது எல்லாமே சொல்ல வேண்டிய தொடர்புதான். வீடியோ என்றால் எழுத்திலும் தெரிய வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். நேரலை என்றால் முழு நேரமும் திரையில் இருக்க வேண்டும். முக்கியமாக, நீங்கள் எந்த மொழியில் பேசுகிறீர்களோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழில் 10 நிமிடம் பேசிவிட்டு, கீழே இருபது ஹேஷ்டேக் நடுவில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்து போட்டுவைப்பது செல்லாது. தவறான விளம்பரத்துக்குத் துணை போனால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. ஒரு வருடம் எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம்.

இந்த நெறிகள் வந்த பிறகும் நான் ஒருமுறை சொல்லாமல் விட்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஒரு கம்பெனி வார்ப்பிரும்பு தோசைக்கல் ஒன்றை இலவசமாக அனுப்பியது. எண்ணெய் ஏற்றிப் பழக்கிய கல், 12 அங்குலம். வந்த மறுநாளே அடுப்பில் வைத்து வீடியோ எடுத்துவிட்டேன். நெய் விட்டு ஊற்றிய தோசை காகிதம் போல வந்தது, ஓரம் தானாகவே எழும்பியது. அந்த மாதம் 43 பேர் வாங்கினார்கள். எனக்கு அதுவரை அப்படி ஒரு மாதம் வந்ததே இல்லை.

பொங்கலுக்கு மயிலாடுதுறை போயிருந்தேன். பெரியம்மா வீட்டுப் பரணில் செய்தித்தாள் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. பிரித்தால் அதே கல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் லிங்க்கிலேயே வாங்கியிருக்கிறார். பெரியம்மாவுக்கு 64 வயது. "ஏன் பெரியம்மா மேலே வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "தூக்க முடியலடி. கழுவறதுக்கு எடுத்தா மணிக்கட்டு விட்டுப் போவுது. ஒரு தடவை கால் மேல போட்டுக்கப் பாத்தேன்" என்றார்.

கம்பெனி மேல் தப்பு இல்லை. கல் நல்ல கல்தான். நான் வீடியோ முழுக்க அதை அடுப்பிலேயே வைத்திருந்தேன். ஒரு தடவைகூடக் கையில் தூக்கிக் காட்டவில்லை, எடை எவ்வளவு என்று சொல்லவும் இல்லை. அன்றைக்குப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 2 கிலோ 900 கிராம். பெரியம்மா அதுவரை வைத்திருந்த இரும்புக்கல் 1 கிலோ 300.

பிறகு பெரியம்மா கேட்டார்: "அந்தக் கம்பெனிக்காரன் உனக்கு ஏதாவது குடுத்தானா?" கல்லைச் சும்மா கொடுத்தார்கள், விற்றால் கமிஷனும் உண்டு என்று சொன்னேன். "அதை அதுலயே சொல்லியிருந்தா, வேற ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கியிருப்பேனே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அந்தக் கையேட்டில் எதுவும் இல்லை. நமக்கு என்ன வருகிறது என்று தெரிந்தால் கேட்பவர் வேறு மாதிரி கேட்பார், கொஞ்சம் நிதானமாக. அந்த நிதானத்தை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அந்தக் கல்லை நான் எடுத்துக்கொண்டு விலையைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். ஊருக்கு வந்ததும் எடையைச் சொல்லி, இலவசமாக வந்ததையும் கமிஷனையும் சொல்லி இன்னொரு வீடியோ போட்டேன். மற்ற 42 பேரில் எத்தனை பேர் அதைப் பார்த்தார்கள் என்று தெரியாது. அதற்கப்புறம் எந்தப் பாத்திரத்தைக் காட்டினாலும் முதல் காட்சி சமையலறைத் தராசுதான். எடை, அடிப்பாகத்தின் அகலம், இண்டக்ஷனில் வைக்கலாமா, கைப்பிடி சூடேறுகிறதா. வந்த மறுநாள் வீடியோ கிடையாது. குறைந்தது மூன்று வாரம் அதில் சமைத்த பிறகுதான்.

சொல்வதும் சிரமமே இல்லை. நான் தொடக்கத்திலேயே சொல்வது இதுதான்: "இந்தக் குக்கரை நானே காசு கொடுத்து வாங்கினேன். கீழே இருக்கும் லிங்க்கில் நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும், உங்களுக்கு விலை கூடாது." இலவசமாக வந்தது என்றால் முதல் வாக்கியம் மட்டும் மாறும். இதையே வீடியோவின் மேல் ஓரத்தில் "விளம்பரம்" என்ற சொல்லோடு எழுத்திலும் போடுகிறேன்.

சொன்னால் வாங்க மாட்டார்கள் என்கிறீர்கள். முதல் இரண்டு மாதம் எனக்குக் குறைந்தது உண்மை. அப்புறம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. என் அப்பாவின் கடையில், சில குக்கருக்கு ஒன்று விற்றால் விற்பனையாளருக்குத் தனியாக 10 ரூபாய் என்று மொத்த வியாபாரி கொடுப்பது உண்டு. அப்பா அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, "ஆனா உங்க வீட்டுல நாலு பேருன்னா அஞ்சு லிட்டர் வேணாம், மூணே போதும்" என்பார். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர்கள், அப்பா சாப்பிடப் போயிருந்தால் அவர் வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள். சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன்.

அஃபிலியேட் மார்க்கெட்டிங் பயிற்சி என்று 4,999 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். அதே பயிற்சியை இன்னொருவருக்கு விற்றால் பாதிப் பணம் நமக்காம். சேரலாமா?
- வாசகர், ஓசூர்

வேண்டாம். உண்மையான அஃபிலியேட் திட்டம் எதிலும் சேருவதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். நீங்கள் எழுதியிருப்பதில் விற்கப்படும் பொருளே, அடுத்த ஆளைச் சேர்த்துவிடுவதுதான். ஆள் சேர்ப்பதை வைத்தே பணம் சுற்றும் பிரமிட் திட்டங்களை நேரடி விற்பனைக்கான 2021-ம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. பயிற்சி என்று பெயர் வைத்தாலும் நான் கிட்டப் போக மாட்டேன்.

"பொருளுக்கு ஐந்து ஸ்டார் போடு, 150 ரூபாய் தருகிறோம்" என்று தொடங்கி, பிறகு பெரிய பணம் கட்டச் சொல்வதும் இதே நேரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு முறை பணம் உண்மையாகவே வரும், அதுதான் தூண்டில். யாராவது ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே கூப்பிடச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார்களோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

ஒரு மூலிகைப் பொடிக்கு 30 சதவீதம் கமிஷன் தருகிறார்கள். சர்க்கரை நோய் 90 நாளில் குணமாகும் என்று வீடியோவில் சொல்ல வேண்டுமாம். கமிஷன் வரும் என்பதையும் சொல்லிவிட்டால் தப்பில்லைதானே?
- வாசகி, திருநெல்வேலி

தப்புதான் சகோதரி, தயவுசெய்து செய்யாதீர்கள். கமிஷனைச் சொல்லிவிட்டால் பொய் உண்மையாகிவிடாது. மருந்து, மாயத் தீர்வுகள் தொடர்பான 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, இன்னின்ன நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் சர்க்கரை நோய் உண்டு.

சட்டம் கிடக்கட்டும். உங்கள் வீடியோவைப் பார்க்கும் ஒருவர், பொடி சாப்பிடுகிறோமே என்று இன்சுலினை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? என் மாமியாருக்கு 19 வருடமாகச் சர்க்கரை. ஒரு வாரம் மாத்திரையை விட்டதற்கே காலில் வந்த புண் ஆற மூன்று மாதம் ஆனது. 30 சதவீதம் தருகிறேன் என்று ஒருவர் சொல்லும்போதே, இவ்வளவு கொடுத்து என்னைச் சொல்லவைக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேளுங்கள்.

உணவுப் பொருளைப் பரிந்துரைக்க ஆசை என்றால் பொட்டலத்தில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். ருசி எப்படி, மணம் எப்படி, எத்தனை நாள் கெடாமல் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கமிஷனில் வரி பிடித்துவிட்டார்கள். என் வருமானமே வரி வரம்புக்குள் வராதே?
- வாசகி, கோவை

பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். கமிஷனுக்கு முன்பு 5 சதவீதம் பிடித்தார்கள், 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். பான் எண் கொடுக்காமல் விட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள், அதனால் முதல் வேலையாக அதைச் சரிபாருங்கள். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஒரு கம்பெனி அனுப்பும் இலவசப் பொருட்களின் மதிப்பு வருடத்துக்கு 20 ஆயிரத்தைத் தாண்டினால், 2022 ஜூலையிலிருந்து அதற்கும் 10 சதவீதம் வரி உண்டு. வீடியோ எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டால் கிடையாது. நான் பெரிய கிரைண்டர், ஓவன் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். வீட்டிலும் இடம் இல்லை.

ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் நான். குழந்தைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களை அறிமுகப்படுத்தி யூடியூப் சேனல் தொடங்க ஆசை. மருந்துச் செலவுக்காவது கமிஷன் வருமா? இந்த வயதில் இது சரிப்படுமா?
- வாசகர், நாகர்கோவில்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வயதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கமிஷனைப் பற்றி மட்டும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். குழந்தைப் புத்தகத்தின் விலை பெரும்பாலும் 50, 100, 150 ரூபாய். அதில் சில சதவீதம் என்றால் ஒரு புத்தகத்துக்கு ஐந்தாறு ரூபாய் வந்தாலே பெரிது. முதல் வருடம் மருந்துச் செலவை இதை நம்பி வைக்காதீர்கள். பல தமிழ்ப் பதிப்பகங்களுக்குத் தங்கள் தளத்தில் அஃபிலியேட் திட்டமே இருக்காது. ஆனால் நேரில் பேசினால், உங்கள் பெயரில் ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுத்து விற்பனைக்கு ஏற்பத் தொகை தருவதற்குச் சிலர் ஒப்புக்கொள்ளலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர முடிந்தால் ஒரே இடத்தில் எல்லாரையும் பார்த்துவிடலாம்.

கமிஷன் வராத புத்தகத்தையும் காட்டுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. அதையும் சொல்கிறவர் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் புத்தகத்தைத்தான் பெற்றோர் நம்பி வாங்குவார்கள்.

அட்டையை மட்டும் காட்டாதீர்கள், ஐயா. எழுத்து எவ்வளவு பெரிது என்று பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துக் காட்டுங்கள். ஒரு பக்கத்தில் எத்தனை வரி, பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்கும், தாள் கிழியுமா, பின் குத்தியிருக்கிறதா ஒட்டியிருக்கிறதா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'ண'வுக்கும் 'ன'வுக்கும் எங்கே திணறும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? இரண்டு பக்கத்தை உங்கள் குரலில் வாசித்துக் காட்டுங்கள். போனை நிற்கவைக்க ஸ்டாண்டு வாங்க வேண்டாம். எவர்சில்வர் டம்ளரில் பாதி அரிசி போட்டு அதில் நிறுத்தினால் அசையாது, நான் இன்னும் அப்படித்தான் எடுக்கிறேன்.

முதல் வீடியோ போட்டதும் பத்திரிகை முகவரிக்கு லிங்க் அனுப்புங்கள். என் அக்கா பேத்திக்கு ஆடியில் ஐந்து வயது முடிகிறது. அவளுக்கு இரண்டு புத்தகம் உங்கள் லிங்க்கில்தான் வாங்குவேன்.